தண்டையார்பேட்டை வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார்? கணக்கை ஃபேன்ல இருந்து ஆரம்பிங்க

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: தண்டையார்பேட்டையில சொந்த வீடு, கீழயும் மேலயும் சேர்த்து ஒரே ஈபி சர்வீஸ், ரெண்டு மாசத்துக்கு சராசரியா 760 யூனிட் ஓடுது, வெயில் காலத்துல 950 வரைக்கும் போகுது, ஏசி ஒண்ணு இருக்கு, அடுத்த வருஷம் அப்பா அம்மா ரூமுக்கு இன்னொண்ணு போடணும், கடைக்காரர் வந்து பார்த்துட்டு 5 கிலோவாட் பேட்டரியோட போட்டுடுங்க பில்லே வராதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு, இது சரியான்னு.

என் பதில் 5 வேணவே வேணாம். பில் குறையறதுக்காக பேட்டரியும் வேணாம். உங்க வீட்டுக்கு 2 கிலோவாட் ஆன்கிரிட், அதாவது ஈபி லைனோட சேர்ந்து ஓடுற சோலார் போதும், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதை செஞ்சாதான் இந்த 2 போதும்ன்றது நிக்கும். கொஞ்சம் நீளமா சொல்றேன், லட்ச ரூபாய் விஷயம், பொறுமையா படிங்க.

கடைக்காரருக்கு 5 எப்படி வந்திருக்கும்னு முதல்ல பார்ப்போம். ஏசி ஒன்றரை கிலோவாட், கீசர் 2, தண்ணி மோட்டார் 1, அயர்ன் பாக்ஸ் முக்கால், எல்லாத்தையும் கூட்டுனா 5 கிட்ட வரும். இப்படி வாட்டை கூட்டி சைஸ் சொல்றது ஈபி லைனே இல்லாத தோட்டத்து வீட்டுக்கு சரி. ஆன்கிரிட்ல பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டா மாத்துற சோலார் இன்வெர்ட்டர் ஈபி லைனோட சேர்ந்தே ஓடுது, கீசர் போட்டா சோலார்ல இருந்து வர்றது போக மிச்சத்தை ஈபி குடுத்துடும், ஒண்ணும் ட்ரிப் ஆகாது. அதனால எத்தனை வாட் சாமான் வீட்ல இருக்குன்றது இங்க கணக்கே இல்ல, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் ஓடுதுன்றதுதான் கணக்கு. 2000 வாட் கீசர் கால் மணி நேரம் ஓடினா அரை யூனிட்தான், 75 வாட் ஃபேன் நாள் முழுக்க சுத்தினா 1.8 யூனிட்.

உங்க 760ஐ 60 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 12.7 யூனிட் வருது. இது எங்க போகுதுன்னு நீங்க எழுதின சாமான் லிஸ்ட்ட வச்சு பிரிச்சுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் 1 யூனிட் சொச்சம், லைட்டெல்லாம் எல்இடின்றதால அரை யூனிட், டிவியும் செட்டாப் பாக்ஸும் அரை, வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர் மூணும் சேர்ந்து அரை, சம்ப்புல இருந்து மேல் டேங்குக்கு ஏத்துற 1 ஹெச்பி மோட்டார் தினம் அரை மணி நேரம்னா அது ஒரு அரை, அயர்ன் பாக்ஸ், வைஃபை எல்லாம் சேர்த்து இன்னொரு அரை. ஏசி வெயில் காலத்துல ராத்திரிக்கு 6 யூனிட் வரைக்கும் இழுக்கும், டிசம்பர்ல போடவே மாட்டீங்க, வருஷத்துக்கு சராசரி எடுத்தா மூணரைன்னு வைங்க. மிச்சம்? ஆறு பழைய ஃபேன், 75 வாட், ஒவ்வொண்ணும் 12 மணி நேரம், 5.4 யூனிட். வருஷக் கணக்குல உங்க வீட்ல ஏசியை விட ஃபேன்தான் அதிகமா சாப்பிடுது. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஏசியைத்தான் எல்லாரும் திட்டுவாங்க.

அதனால முதல் வேலை ஆறு ஃபேனையும் பிஎல்டிசி ஃபேனா, அதாவது கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்ச ஃபேனா மாத்துங்க. அது 30 வாட் கிட்டத்தான் எடுக்கும், காத்து அதே அளவு. ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம், ஆறு ஃபேன், 12 மணி நேரம், ஒரு நாளைக்கு 3.2 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 190 யூனிட் குறையுது. இந்த 3.2 யூனிட்டை சோலார்ல தயாரிக்கணும்னா முக்கால் கிலோவாட்டுக்கு மேல பேனல் வேணும். ஃபேன் ஒண்ணு 3000 ரூபாய்ன்னா ஆறுக்கு 18,000, அந்தக் காசுக்கு முக்கால் கிலோவாட் சோலார் எங்கயும் கிடைக்காது, மொட்டை மாடியில இடமும் பிடிக்காது, மழை பெய்ஞ்சாலும் ராத்திரியானாலும் மிச்சம் ஆகிட்டே இருக்கும். சோலார் விக்கிறவங்க யாரும் இதை சொல்ல மாட்டாங்க, சொன்னா அவங்க விக்கிற சைஸ் குறையும்.

சரி இப்ப 760ல இருந்து 190 போச்சு, 570 நிக்குது. இதுக்கு சோலார் எவ்ளோ?

நம்ம சென்னையில 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் குடுக்கும்னு வச்சுக்கலாம். மார்ச்ல இருந்து மே வரைக்கும் நாலரைக்கு மேல போகும், நவம்பர் டிசம்பர்ல வடகிழக்கு பருவமழை பிடிச்சுதுன்னா மூணு வந்தாலே நல்லது. விக்கிறவங்க நாளைக்கு 5 யூனிட் கேரண்ட்டின்னு சொன்னா நம்பாதீங்க. பேனல் மேல எழுதியிருக்கிற 540 வாட் 25 டிகிரி சூட்டுல அளந்தது, நம்ம ஊர் மே மாசம் மதியத்துல பேனல் 60 டிகிரிக்கு மேல கொதிக்கும், 25க்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் கிட்ட குறையும், அதுலயே 12 சதவீதம் போச்சு, தூசி, கம்பி, இன்வெர்ட்டர் நஷ்டம் தனி.

2 கிலோவாட்னா ஒரு நாளைக்கு 8, ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். பகல்ல வீட்டுக்குப் போக மிச்சம் ஈபிக்குப் போய் உங்க கணக்குல வரவாகும், ராத்திரி ஓடுறது அதுல கழியும். 570ல 480 போனா 90. முதல் 100 யூனிட் நமக்கு அரசாங்கம் இலவசமா குடுக்குது, அதனால யூனிட்டுக்கான பில் பூஜ்யம். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, அந்த இலவச 100 யூனிட்டுக்கும் சேர்த்து பேனல் வாங்கிடுறாங்க, சும்மா வர்றதுக்கு பதிலா காசு குடுத்து தயாரிக்கிறாங்க. நம்ம தமிழ்நாட்டு ஸ்லாப், அதாவது யூனிட் கூடக் கூட ரேட் ஏறுற படி எப்படின்னா 400 யூனிட் வரைக்கும் 5 ரூபாய்க்குள்ள, 500 தாண்டினா 8 ரூபாய்க்கு மேல, 600 தாண்டினா 9க்கு மேல, 1000 தாண்டினா 11க்கு மேல. அதுவும் 500ஐ தாண்டின உடனே 101ல இருந்து 200 வரைக்கும் இருக்கிற சலுகை ரேட்டும் போயிடும். சோலார் யூனிட் உங்க பில்லோட உச்சியில இருந்துதான் வெட்டும், ஃபேன் மாத்தினதுலயே 9 ரூபாய் யூனிட் போயிடும், அப்புறம் முதல் கிலோவாட் வெட்டுறது பெரும்பாலும் 8 ரூபாய், 6 ரூபாய் யூனிட்டை, ரெண்டாவது அதுக்கு கீழ 5 ரூபாய்க்குள்ள இருக்கிற யூனிட்டை, மூணாவதுக்கு வெட்ட ஒண்ணுமே இல்ல. இப்ப உங்களுக்கு வர்ற பில் 4500 கிட்ட இருக்கும், ஃபேனும் 2 கிலோவாட்டும் சேர்ந்தா அது காலி.

இன்னொரு ஏசி வருதே அப்படின்னு கேப்பீங்க. 1 டன் இன்வெர்ட்டர் ஏசி, ராத்திரி 8 மணி நேரம், 4 யூனிட், வெயில் காலத்து ரெண்டு மாசத்துக்கு 240. அப்ப 950ல ஃபேன் 190 குறைஞ்சு ஏசி 240 கூடி 1000 ஆகும். 2 கிலோவாட் அந்த வெயில்ல 540 குடுக்கும், மிச்சம் 460, அதாவது உங்க வருஷத்துலயே மோசமான பில்லும் 500க்குள்ளயே அடங்கிடுது, 1500 ரூபாய் கிட்ட வரும். ஒண்ணும் பண்ணாம ரெண்டு ஏசி ஓட்டினா அதே பில் 9000ஐ தொடும். வருஷ சராசரின்னு பார்த்தா ரெண்டு ஏசியோட 200 யூனிட் கிட்ட நிக்கும், 300 ரூபாய் கூட வராது. அந்த 300 ரூபாயையும் மிச்சம் பிடிக்க இன்னொரு கிலோவாட் போடறது எனக்கு நியாயமா படல. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போறீங்க, தினம் 30, 40 கிலோமீட்டர் ஓட்டுவீங்க, கேஸை விட்டுட்டு இண்டக்‌ஷனுக்கு மாறப் போறீங்க, இதெல்லாம் உறுதின்னா 3 போடுங்க. அதுக்கு மேல எந்தக் காரணத்துக்கும் போகாதீங்க.

ஏன் 3ல நிறுத்த சொல்றேன்னா மானியம் அங்கயே நின்னுடுது. பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரில வந்துச்சு, முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000, மொத்தம் 78,000, அதுக்கு மேல 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். இப்போதைக்கு நல்ல சாமான் போட்டா கிலோவாட்டுக்கு 60ல இருந்து 70 ஆயிரம்னு சொல்றாங்க, 2 கிலோவாட் 1,30,000ன்னு வைங்க, 60,000 திரும்ப வந்தா உங்க கை காசு 70,000. மூணாவது கிலோவாட்டுக்கு கை காசு 45,000 கிட்ட ஆகிடும். நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் முழுசா உங்க பாக்கெட்தான், அதுல வர்ற கரண்ட் ஈபிக்குப் போய் வரவுல ஏறிட்டே இருக்கும், அதை வச்சு வருமானம் பார்க்கலாம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. மானியம் வேணும்னா இந்தியாவுலயே செஞ்ச செல் உள்ள பேனலா இருக்கணும், டிசிஆர் பேனல்னு கேளுங்க, கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. திட்டத்துல பதிவு பண்ணின வெண்டர் மூலமாத்தான் போடணும், மானியம் நேரா உங்க பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும், அதை வாங்கித் தர்றேன்னு நடுவுல யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. ஈபில நீங்க வாங்கியிருக்கிற லோடு, அதாவது உங்க சர்வீஸுக்கு அனுமதிச்ச கிலோவாட் எவ்ளோன்னும் ஒருதடவை பாருங்க, அது சோலாரை விட கம்மியா இருந்தா லோடை கூட்டணுமான்னு ஈபில கேட்டுக்குங்க.

இப்ப பேட்டரி. இதை நான் கொஞ்சம் அழுத்தி சொல்லணும், ஏன்னா ஆன்கிரிட் போட்டவங்க பாதி பேருக்கு இது தெரியாது, முதல் பவர்கட்லதான் தெரியவருது: கரண்ட் போனா ஆன்கிரிட் சோலாரும் நின்னுடும், உச்சி வெயில் அடிச்சாலும் நின்னுடும். இல்லைன்னா லைன்ல வேலை பார்க்கிற ஈபி ஆளுக்கு உங்க வீட்டு கரண்ட் பின்பக்கமா போய் அடிச்சிடும், அவர் உயிருக்காகத்தான் அந்த ஏற்பாடு. அதனால பவர்கட்டுக்கு தனியாத்தான் வழி பண்ணணும்.

உங்க வீட்ல ஏற்கனவே 150 ஏஎச் பேட்டரியோட சாதா இன்வெர்ட்டர் இருக்குன்னு சொன்னீங்க, அதை தூக்கிப் போட வேணாம். 12 வோல்ட், 150 ஏஎச், 1800 வாட் அவர், பேட்டரி நாள் பட உழைக்கணும்னா பாதிதான் எடுக்கணும், 900, இன்வெர்ட்டர் நஷ்டம் போக 750ன்னு வைங்க. நாலு பழைய ஃபேனும் நாலு லைட்டும் வைஃபையும் ஓடினா 350 வாட், ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும். அதே ஃபேனை பிஎல்டிசியா மாத்தினா 170 வாட்தான், நாலு மணி நேரத்துக்கு மேல வரும், ஒரு ரூபாய் கூட பேட்டரிக்கு செலவு பண்ணாம. சாதாரண நாள் பவர்கட்டுக்கு இது தாராளம்.

ஆனா நம்ம பக்கம் சாதாரண நாளை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. 2016 டிசம்பர்ல வர்தா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம், வட சென்னையில எத்தனை தெருவுல நாள் கணக்கா கரண்ட் இல்லாம கிடந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும், வயசானவங்க இருக்கிற வீட்ல அது சின்ன விஷயம் இல்ல. உங்க அப்பாவுக்கு நெபுலைசர் இருக்கு, இன்சுலின் ஃப்ரிட்ஜ்ல இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அந்தக் காரணத்துக்காக மட்டும் நீங்க சாதா ஆன்கிரிட் இன்வெர்ட்டருக்கு பதிலா ஹைபிரிட் இன்வெர்ட்டர், அதாவது சோலார், பேட்டரி, ஈபி மூணையும் சேர்த்து ஓட்டுறது, எடுக்கறதை யோசிக்கலாம், காசு கூட ஆகும், அதை பில் மிச்சத்துல இருந்து எடுக்க முடியாது, பாதுகாப்புக்கு குடுக்கிற விலைன்னு நினைச்சு குடுக்கணும். ஹைபிரிட்டோட 5 கிலோவாட் அவர் லித்தியம் பேட்டரி, அதாவது கடையில 51.2 வோல்ட் 100 ஏஎச்னு சொல்றது, இருந்தா ஃப்ரிட்ஜ், நாலு ஃபேன், லைட், வைஃபை, நெபுலைசர் எல்லாம் ஒரு ராத்திரி முழுக்க ஓடியும் மிச்சம் இருக்கும், கரண்ட் இல்லைன்னாலும் பகல்ல பேனல்ல இருந்து திரும்ப ஏறும். புயல் அடிக்கிற அன்னிக்கு வெளிச்சமே இருக்காது, பெருசா ஏறாது. ஆனா மறுநாள் வெயில் பளிச்சுன்னு அடிக்கும் கரண்ட் மட்டும் வராது பாருங்க, அப்பதான் இது கை குடுக்கும். ஏசி, கீசர், மோட்டார் மூணையும் பேட்டரி லைன்ல சேர்க்காதீங்க, மோட்டார் கிளம்பும்போது மட்டும் ஓடுற கரண்ட்டை விட பல மடங்கு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் அங்கயே படுத்துடும்.

இன்வெர்ட்டர், பேட்டரி எதுவா இருந்தாலும் தரைத்தளத்துல வைக்காதீங்க. மிக்ஜாம்ல கீழ் வீட்டுக்குள்ள தண்ணி ஏறினதை பார்த்தவங்க நாம. மேல் மாடியில படிக்கட்டுப் பக்கம், வெயில் நேரா படாத, காத்து வர்ற சுவர்ல மாட்டுங்க.

மொட்டை மாடிக்கு வருவோம். 2 கிலோவாட்னா 540 வாட் பேனல் நாலு, ஒவ்வொண்ணும் 28 சதுரடி கிட்ட, நடக்க, கழுவ இடம் விட்டு 200 சதுரடி வேணும். உங்களுக்கு 600 இருக்கு, இடம் பிரச்சனை இல்ல, நிழல்தான் பிரச்சனை. நம்ம ஏரியாவுல சுவரோட சுவர் ஒட்டி வீடு, பக்கத்துல மூணு மாடி எழும்பியிருக்கும், நம்ம மாடியிலயே படிக்கட்டு ரூம், தண்ணி டேங்க், கேபிள் கம்பம். ஒரு பேனல்ல ஒரு ஓரத்துல நிழல் விழுந்தாலும் வரிசையா கோத்திருக்கிற பேனல் எல்லாத்தோட உற்பத்தியையும் அது குறைச்சிடலாம். அதனால சும்மா மதியம் ஒருதடவை பார்த்துட்டு இடம் சொல்ற ஆளை நம்பாம நீங்களே காலையில 9 மணி, மதியம் 12, சாயங்காலம் 3 மணின்னு நிழல் எங்க விழுதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு வைங்க. டிசம்பர்ல சூரியன் நல்லா தெற்க சாஞ்சு போகும், அப்ப டேங்கோட நிழல் வடக்குப் பக்கம் நீளமா விழும், ஜூன்ல நம்ம தலைக்கு கொஞ்சம் வடக்கயே போயிடும், அதனால ஒரே மாசத்து நிழலை வச்சு முடிவு பண்ணாம டேங்குக்கும் படிக்கட்டு ரூமுக்கும் தெற்க இடம் இருந்தா அங்க வைங்க. பேனல் தெற்குப் பார்த்து 13 டிகிரி சாய்வு, நம்ம ஊர் அட்சரேகையும் அதுதான். நிழலை தவிர்க்கவே முடியலைன்னா பேனலுக்கு ஒண்ணா மைக்ரோ இன்வெர்ட்டர் போடலாம், செலவு கூடும், ஆனா ஒரு பேனல் நிழல் மத்ததை பாதிக்காது.

துணி காயப்போட இடம் வேணும்னு எட்டடி உயரத்துல ஸ்ட்ரக்சர் கேட்பாங்க வீட்ல. போடலாம், ஆனா உயரம் போகப் போக காத்து பிடிக்கும். கட்டட விதியில சென்னைக்கு எடுத்துக்கிற காத்து வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர், அதை தாங்குற மாதிரி டிசைன் பண்ணிருக்கான்னு எழுத்துல கேளுங்க. தளத்தை சும்மா ஓட்டை போட்டு போல்ட் அடிச்சா அடுத்த மழைக்கே ஒழுகும், காங்கிரீட் பெடஸ்டல் கட்டி பீம், காலம் மேல பாரம் இறங்குற மாதிரி பண்ணணும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் மரச்சட்டம் வச்ச மெட்ராஸ் டெரஸ் வீடுன்னா இன்ஜினியர் பார்க்காம ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது, உங்களது ஆர்சிசின்றதால பயம் இல்ல.

கடல் ரெண்டு தெரு தள்ளி இருக்கு, இதை மறக்காதீங்க. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இரும்பு எவ்ளோ சீக்கிரம் அரிக்கும்னு ஜன்னல் கம்பியை பார்த்தாலே தெரியும். ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ் பண்ணினதா, அதாவது உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்ததா, 80 மைக்ரான் பூச்சு இருக்கான்னு கேளுங்க, வெட்டி வெல்டிங் வச்சு வெள்ளி பெயிண்ட் அடிச்சு குடுத்தா வாங்காதீங்க, போல்ட் நட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பேனல் உப்புக் காத்து டெஸ்ட் பாஸ் பண்ணினதா இருக்கணும். எர்த் மூணு தனித்தனி, பேனல் பக்கத்து டிசி கரண்ட்டுக்கு ஒண்ணு, வீட்டுப் பக்கத்து ஏசி கரண்ட்டுக்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணு, கொட்டேஷன்ல இது இருக்கான்னு பாருங்க, விலை குறைக்கிறவங்க முதல்ல கை வைக்கிற இடம் இதுதான்.

அப்புறம் தூசி. நம்ம பக்கம் வெறும் மண் தூசி இல்ல, துறைமுகத்து லாரி புகை, எண்ணூர் பக்கத்து நிலக்கரி, சாம்பல், மணலி பக்கத்துல இருந்து வர்ற புகை, எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், மழை பெய்ஞ்சா தானா போயிடும்னு விட முடியாது. பத்து நாளைக்கு ஒருதடவையாவது விடியக்காலம் பேனல் சூடாகறதுக்கு முன்னாடி மெத்து துணியால கழுவுங்க, மதிய வெயில்ல கொதிக்கிற கண்ணாடி மேல தண்ணி ஊத்தாதீங்க. போர் தண்ணி வேணாம், நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பு, காஞ்சதும் வெள்ளை வெள்ளையா படியும், அந்தப் படிவமே வெளிச்சத்தை மறைக்கும். மெட்ரோ வாட்டர் ரெண்டு பக்கெட் போதும்.

கடைசியா ஒண்ணு, வேலை முடிஞ்ச அன்னிக்கே ஆன் பண்ணிப் பார்க்கலாம்னு ஆசையா இருக்கும், எலக்ட்ரீஷியனும் பண்ணலாம்னு சொல்லுவாரு. ஈபிக்காரங்க வந்து ரெண்டு பக்கமும் அளக்கற மீட்டரை மாட்டற வரைக்கும் சோலார் பிரேக்கரை ஏத்தாதீங்க. பழைய டிஜிட்டல் மீட்டர் நிறைய எந்தப் பக்கம் கரண்ட் போனாலும் ஓடினதாத்தான் எண்ணும், நீங்க ஈபிக்கு குடுத்த யூனிட்டுக்கு நீங்களே பில் கட்ட வேண்டியதாகிடும். புது மீட்டர் மாட்டின அன்னிக்கு அதுல இருக்கிற ரெண்டு ரீடிங்கையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க, முதல் பில் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க அது வேணும்.